நாலில் ஒரு பங்கு

அன்னக்கொடி பிளஸ் டூ படிக்கப் போனதற்கு அவளுடைய புத்தி காரணமில்லை. மலையாண்டிக்கு அரசு பஸ்ஸில் கண்டக்டர் வேலை கிடைக்கத் தாமதமானதுதான் காரணம். மலையாண்டி அவளுடைய தாய்மாமன் மகன். அவள் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே இவள் அவனுக்கு என்று பேசி முடித்திருந்தார்கள். வேலை நிரந்தரமானால் கல்யாணம். வேலையோ வருவேனா வரமாட்டேனா என்று இழுத்தது. பத்தாவதில் நல்ல மார்க் வாங்கிய பெண்ணைச் சும்மா வீட்டில் வைத்திருப்பானேன் என்று அவள் அப்பா நல்லகாமன் திருமங்கலத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். என்ன குரூப் வேண்டும் என்று கேட்டார்கள். "எதுல இடம் இருக்கோ அதுல போடுங்க சார்" என்றார் நல்லகாமன். உயிரியல் பிரிவில் இடம் இருந்தது.

அப்போது பிளஸ் டூ என்பதே புதுச் சரக்கு. முன்பு காலேஜில் ஒரு வருஷம் படித்ததைப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் படிக்க வேண்டும் என்று மாற்றி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அவள் ஊர் திருமங்கலத்துக்கு மேற்கே ஆறு மைல். அந்த ஊரிலிருந்து அதில் சேர்ந்த முதல் பெண் அவள்தான். முதல் தவளையை மெழுகுத் தட்டில் மல்லாத்திக் குண்டூசி அடித்தபோது டவுன் பையன்கள் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். வருஷா வருஷம் கோயிலில் கிடா வெட்டைப் பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்தவளுக்குத் தவளை ஒரு பொருட்டா? ஈரல் எது, பித்தப்பை எது என்று அவளுக்குக் கேட்காமலே தெரிந்தது. பித்தப்பையில் கத்தி படாமல் எடுக்கத் தெரிந்தவள் வகுப்பிலேயே அவள் ஒருத்திதான்.

மலையாண்டி அரசு வேலைக்குக் காத்திருந்த அந்த நாட்களில் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராகப் போய்க்கொண்டிருந்தான். அன்னக்கொடி பள்ளிக்கூடம் போய்வருவதும் அந்த பஸ்ஸில்தான். சாயங்காலம் அவள் ஏறினதும் எல்லாரும் கேட்கும்படி கேட்பான்.

"இன்னைக்கு யார அறுத்தீக, டாக்டரம்மா?"

"கரப்பான்பூச்சி, மச்சான்."

"ஆபரேஷன் சக்சஸா?"

"ஆளு போயிட்டாரு."

பஸ்ஸே சிரிக்கும். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. பெரியவர்கள் பேசிவைத்த மாப்பிள்ளையைப் பிடித்துப்போவதும் ஒரு கொடுப்பினைதான். எல்லாருக்கும் அது வாய்ப்பதில்லை, தனக்கு வாய்த்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

பன்னிரண்டாம் வகுப்பில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதாம் வருஷம் ஆவணி மாதத்தில், மரபியல் பாடம் வந்தது. விலங்கியல் நடத்தியவர் சேக் இஸ்மாயில் சார். மதுரை டவுனுக்குள்ளிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர். கண்டிப்பும் கிடையாது, கனிவும் கிடையாது. பாடத்தை முடித்து பஸ்ஸைப் பிடிப்பதே அவர் குறி. பாடம் முடிந்ததும் வீட்டு வேலை ஒன்று கொடுத்தார். ரெக்கார்டு நோட்டில் இடது பக்கம் அப்பா வழி, வலது பக்கம் அம்மா வழி. குறைந்தது மூன்று தலைமுறை. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். குடும்பத்தில் தொடர்ந்து வரும் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, அது யாருக்கு இருக்கிறதோ அவர்களுடைய கட்டத்தைக் கறுப்பாக அடைக்க வேண்டும்.

மற்ற பிள்ளைகள் இடது கைப் பழக்கம், சுருட்டை முடி, ஒட்டிய காது மடல் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்னக்கொடி காது கேளாமையை எடுத்துக்கொண்டாள். அவள் அக்கா சீனியம்மாளை மலையாண்டியின் அண்ணன் கருத்தக்கண்ணனுக்குத்தான் கட்டிக்கொடுத்திருந்தது. அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் சின்னான், இளையவள் பவுனு. இரண்டுக்கும் காது கேட்காது, பேச்சும் வராது. மற்றபடி இரண்டும் படுசுட்டி. தங்களுக்குள் கையாலேயே பேசிக்கொள்ளும், சண்டை போடும், புறம் சொல்லும். சித்தியைக் குறிக்க வேண்டுமானால் கத்தரிக்கோல் போல இரண்டு விரலை ஆட்டும்.

தாத்தா தலைமுறைக்கு ஆள் தேடியபோது அப்பா வழிச் சின்னத் தாத்தா சின்னக்கருப்பன் பெயர் வந்தது. அவர் பேசாதவர் என்பது அவளுக்குத் தெரியும். அண்ணனோடு நிலத் தகராறில் கோபித்துக்கொண்டு, இனி இந்த வீட்டில் வாய் திறப்பதில்லை என்று சபதம் எடுத்தவர் என்பது குடும்பக் கதை. நல்லகாமன் அதைப் பெருமையோடுதான் சொன்னார்.

"நாப்பது வருசம்த்தா. ஒத்த வார்த்தை பேசல. அப்பேர்ப்பட்ட வைராக்கியம்."

அடுப்படியிலிருந்து அம்மா சின்னத்தாயின் சிரிப்பு கேட்டது. "பேச்ச நிறுத்துனாராக்கும்! என்னைக்குப் பேசுனாரு, நிறுத்துறதுக்கு? பெறந்ததுலருந்தே அவருக்குக் காது கேக்காது. பொண்ணு கெடைக்கலைன்னு ஒங்க ஆளுக கட்டிவிட்ட கதை அது."

நல்லகாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்னக்கொடி ஒரு சதுரத்தைக் கறுப்பாக அடைத்தாள்.

நோட்டு திருத்தி வந்தபோது சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது. 'ஒரே பெயர்கள் இரண்டு பக்கமும் வந்துள்ளன. தவறு. திருத்துக.' அவள் நோட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனாள்.

"திருத்துறதுக்கு ஒண்ணுமில்ல சார். ரெண்டு பக்கமும் அதே ஆளுகதான்."

அவர் மறுபடி பார்த்தார். அவள் விரல் வைத்துச் சொன்னாள். அவர்கள் வீடு பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. அப்பா கட்டியது மாமனின் தங்கையை. மாமன் கட்டியது அப்பாவின் தங்கையை. அதனால் இடது பக்கத்து அத்தைதான் வலது பக்கத்து மாமன் பெண்டாட்டி. அதற்கும் மேலே போனால் அப்பா வழியும் அம்மா வழியும் ஒரே கிழவன் கிழவியில் போய் நின்றது. அந்தக் கிழவனுடைய மகன்தான் சின்னக்கருப்பன்.

சேக் இஸ்மாயில் சார் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்து வரைந்தார். மேலே ஒரு கறுப்புச் சதுரம். கீழே அக்காவின் பிள்ளைகள், ஒரு கறுப்புச் சதுரமும் ஒரு கறுப்பு வட்டமும். நடுவிலே யாருக்கும் ஒன்றுமில்லை. பஸ்ஸுக்கு நேரமாகியும் அவர் எழுந்திருக்கவில்லை.

"நடுவுல இருக்கறவங்ககிட்ட அது இல்லாம இல்லம்மா. ஒளிஞ்சு இருக்கு. ஒருத்தர்கிட்ட மட்டும் இருந்தா பிள்ளைக்குத் தெரியாது. அப்பன் ஆத்தா ரெண்டு பேர்கிட்டயும் இருந்தாத்தான் வெளிய வரும். அதுவும் நாலுல ஒண்ணு."

"நாலு பிள்ளையில ஒண்ணா சார்?"

"இல்ல. அங்கதான் எல்லாரும் தப்புப் பண்றது. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசா நாலுல ஒண்ணு. முந்தின பிள்ளை எப்படிங்கிறத அது பாக்காது. உங்க அக்காளுக்கு ரெண்டுமே அப்படி. மூணாவதுக்கும் அதே நாலுல ஒண்ணுதான்."

"அதே வீட்டுல தம்பிய இன்னொருத்தி கட்டுனா சார்?"

யார் அந்த இன்னொருத்தி என்று அவர் கேட்கவில்லை. "ரெண்டு பேர்கிட்டயும் அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சோதிச்சுச் சொல்ல இப்ப வழியில்ல. இருந்துச்சுன்னா அதே கணக்குத்தான்." பிறகு, சொல்லாமல் விட்டால் நியாயமில்லை என்பது போல, "நானும் மாமி மகளத்தாம்மா கட்டியிருக்கேன். இதச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?" என்றார். சிவப்பு மை வரியை அடித்துவிட்டுப் பத்துக்கு ஒன்பது போட்டார். கோடுகள் நேராக இல்லை என்று ஒரு மார்க் குறைத்தார்.

மலையாண்டியிடம் அவள் மறைக்கவில்லை. பஸ் கடைசி நிறுத்தத்தில் காலியானதும் நோட்டைப் பிரித்துக் காட்டினாள். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"இருந்தாலும் இருக்கும், இல்லாட்டியும் இல்ல. இருந்தாலும் நாலுல மூணு நல்லாருக்கும். அம்புட்டுத்தானே? லட்சத்துல ஒண்ணுன்னு தெரிஞ்சே வாராவாரம் லாட்டரிச் சீட்டு வாங்குறவன்டி நான். எனக்கு இதெல்லாம் ஒரு கணக்கா?"

"வெளையாடாதீக மச்சான்."

"வெளையாடல. அப்படிப் பெறந்தா வளத்துட்டுப் போறோம். சின்னானுக்கு என்ன கொறச்சல்? போன வாரம் பஸ்ஸுல எனக்குத் தெரியாம விசிலத் தூக்கிட்டான் களவாணிப் பய."

அவளுக்குப் பாரம் பாதி இறங்கிவிட்டது. துணிந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. மீதிப் பாதியையும் இறக்கிவைக்க அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனாள். அங்கே போகாமல் இருந்திருந்தால் அவள் மலையாண்டி பெண்டாட்டியாகி இருப்பாள்.

அவள் போனது அக்காவுக்கு ஒரு நல்லது செய்ய. சீனியம்மாள் ஆறு வருஷமாக அந்த வீட்டில் குற்றவாளி. கிரகணத்தன்று வயிற்றுப் பிள்ளையோடு வாசலுக்கு வந்தவள் என்பது அவள் மாமியார் கட்டிய வழக்கு. மாமியார் வேறு யாருமில்லை, சொந்த அத்தைதான். சொந்தத்தில் கட்டினால் கண்கலங்காமல் வைத்துக்கொள்வார்கள் என்று சொல்வதெல்லாம் பெண் பார்க்கிற அன்றைக்கு மட்டும். அக்கா அப்போது மூன்றாவதாக ஐந்து மாதம். அன்னக்கொடி நோட்டைப் பிரித்து, இது அப்பன் ஆத்தா இரண்டு பேர் வழியாகவும் வந்தது, ஒருத்தி மேல் பழி போட இதில் இடமில்லை என்று சொன்னாள்.

"அப்ப கிரகணம்?"

"கிரகணமும் இல்ல, ஒண்ணுமில்லக்கா. ஒம்மேல ஒரு தப்பும் இல்ல."

சீனியம்மாள் அழுதாள். ஆறு வருஷத்து அழுகை, அது தீர நேரமாயிற்று. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "நாலுல ஒண்ணுன்னியே, அது என்னடி?" என்று கேட்டாள். அன்னக்கொடி பதில் சொல்வதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. புரிந்ததாக அவள் நினைத்தாள்.

அந்த வீட்டுக் கிணறு நாலு பங்காளிகளுக்குப் பொது. நாலு நாளைக்கு ஒரு நாள் ஒரு வீட்டு முறை. தன் முறைக்கு மோட்டாரைப் போட்டு இறைத்துவிட்டால் அடுத்த மூன்று நாளைக்கு அந்த வீட்டு வாய்க்காலில் தண்ணீர் வராது. ஒருத்தர் தன் முறையோடு இன்னொருத்தர் முறையையும் வாங்கி இறைப்பதும் உண்டு. நாலில் ஒரு பங்கு என்றால் சீனியம்மாளுக்குத் தெரிந்தது அதுதான். அந்தக் கணக்கில் அவள் புலி.

"எனக்கு நாலு, ஒனக்கு நாலுன்னு வச்சாலும் எட்டுப் பிள்ளைக்கு ரெண்டு. ரெண்டும் எனக்கே வந்துருச்சு. அப்ப இது நல்லாப் பேசும்" என்று வயிற்றைத் தடவிக்கொண்டாள். முகம் துலங்கிவிட்டது. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயும் பயப்படாம மலையாண்டியக் கட்டுடி. ஒன் மொறையையும் சேத்து நானே எறைச்சுட்டேன். ஒனக்கு ஒண்ணும் வராது."

இல்லை அக்கா, அது அப்படி இல்லை என்று சொல்ல அன்னக்கொடி வாயெடுத்தாள். அக்காவின் கை இன்னும் வயிற்றின் மேல்தான் இருந்தது. ஆறு வருஷத்துக்குப் பிறகு அக்கா சிரிக்கிறாள். அன்னக்கொடி வாயை மூடிக்கொண்டாள். அவளுக்குப் பதினேழு வயது. அந்த நேரத்தில் அதுதான் அன்பு என்று அவளுக்குப் பட்டது.

சீனியம்மாளின் கணக்கு ஒரு வாரத்தில் இரண்டு வீட்டுக்கும் பரவிவிட்டது. அத்தைக்குக்கூட அது பிடித்துப்போயிற்று, கிரகணத்தைக் கைவிட்டாள். பிள்ளை படித்தது வீண் போகவில்லை என்று நல்லகாமன் டீக்கடையில் பேசினார். மலையாண்டியும் அதை நம்பிவிட்டான். "எங்க மதினி தீர்ப்புச் சொல்லிருச்சுல்ல, இனி என்ன?" என்று சிரித்தான். கார்த்திகையில் பரிசம் போட்டு, பரீட்சை முடிந்து வைகாசியில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

இப்போது அன்னக்கொடி தனியாளாகிவிட்டாள். அந்த வீட்டுக்குள் போனால், ஒவ்வொரு பிள்ளைக்கும் எல்லாரும் நிம்மதியாக இருக்க, அவள் ஒருத்தி மட்டும் பயந்துகொண்டிருக்க வேண்டும். பயத்தைச் சொல்லிவிட்டால், நிறைமாதமாக நிற்கும் அக்காவின் நிம்மதி போய்விடும். மலையாண்டியிடம் மட்டும் சொன்னாலும் அவன் வாயில் நிற்காது, அக்கா காதுக்குப் போய்விடும். அவனோடு சேர்ந்து பயப்படுவது என்றால் அவள் தயார்தான். தனியாகப் பயப்பட அவளால் முடியாது. வேண்டாம் என்று சொல்வதென்றால் காரணம் கேட்பார்கள். உண்மைக் காரணத்தைத் தவிர வேறு ஒரு காரணம் வேண்டும். ஊர் உடனே நம்பும் காரணமாகவும் அது இருக்க வேண்டும்.

அப்படி ஒரு காரணம் தயாராகவே கிடந்தது. பரிசத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது பஸ்ஸில் மலையாண்டியிடம் சொன்னாள்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

"பிள்ளைக்குப் பயந்தா? அதான் மதினி…"

"அதெல்லாம் இல்ல. ஒரு கண்டக்டரக் கட்டிக்கிறதுக்கா நான் பிளஸ் டூ படிச்சேன்?"

அவன் அவளையே பார்த்தான். அவள் பார்வையைத் திருப்பவில்லை; திருப்பினால் பொய் என்று தெரிந்துவிடும். அவன் டிக்கெட் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்பக்கம் போனான். அதன்பிறகு அந்த பஸ்ஸில் அவளை யாரும் டாக்டரம்மா என்று கூப்பிடவில்லை.

ஊர் நம்பியது. நம்பாமல் என்ன? பெண் பிள்ளையைப் படிக்க வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று காத்துக்கொண்டிருந்த ஊர்தானே. நல்லகாமன் அடித்தார், பிறகு அழுதார், பிறகு விட்டுவிட்டார். சீனியம்மாள் நிறைவயிற்றோடு வந்து வாசலிலேயே நின்று சொன்னாள்: "பிள்ளைக்குப் பயந்து வேணாம்னிருந்தாக்கூட ஒத்துக்கிட்டிருப்பேன்டி. அவன் வேலை கேவலமாப் போச்சா ஒனக்கு? அந்த வீட்டுச் சோத்தத்தானடி நானும் திங்கிறேன்." அன்றோடு தங்கையோடு பேச்சை நிறுத்தினாள். இது நிஜமாகவே நிறுத்தியது.

அக்காவுக்கு மூன்றாவதாகப் பெண் பிறந்தது. ஒன்றேகால் வயதில் மழையாகப் பேசியது. சீனியம்மாளின் கணக்கு சரியாகிவிட்டது. மலையாண்டிக்கு அரசு வேலை கிடைத்தது. சேடபட்டிப் பக்கம் பெண் எடுத்தான். அன்னக்கொடி நல்ல மார்க் வாங்கினாள். உயிரியலில் பள்ளிக்கூடத்திலேயே முதல். நர்ஸ் பயிற்சி முடித்து, திருவாதவூர்ப் பக்கம் கிராம நர்ஸாகப் போனாள். ஊசி போடவும் பிரசவம் பார்க்கவும் வீடு வீடாக நடந்தாள். சொந்தத்தில் கட்டியவர்கள் என்று தெரிந்தால் உட்காரவைத்து, தாளில் சதுரமும் வட்டமும் போட்டு விளக்குவாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசாக நாலில் ஒன்று என்பதை மூன்று தடவை சொல்வாள். ஊரார் வீட்டுக்கெல்லாம் அதைச் சொன்னாள். சொல்ல வேண்டிய ஒரு வீட்டுக்கு மட்டும் அவள் போகவில்லை. அக்காதான் பேசுவதில்லையே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

எண்பத்தைந்தாம் வருஷம் ஆடி மாதம், மதியம் மூன்று மணிக்கு, சீனியம்மாள் அவள் வேலை பார்த்த துணை சுகாதார நிலையத்துக்கு வந்தாள். மதுரையில் பஸ் மாறி விசாரித்து வந்திருந்தாள். இடுப்பில் ஒன்றரை வயதுப் பையன். அன்னக்கொடி அவனைப் பார்த்ததே இல்லை. நாலாவது பிறந்தது என்று கேள்விப்பட்டதோடு சரி. உட்காரச் சொன்னாள், அக்கா உட்காரவில்லை.

"இவனுக்கும் கேக்கல. பெரியாஸ்பத்திரியில காட்டுனேன். நாலுல ஒண்ணுதானே, எங்களுக்குத்தான் முடிஞ்சுபோச்சேன்னு டாக்டர்கிட்டச் சொன்னேன். அந்தம்மா சிரிக்குது. அது முடியிற கணக்கு இல்லையாம். ஒவ்வொரு தடவையும் புதுசாமே?"

அன்னக்கொடி பெஞ்சை அக்கா பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"ஒனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப மலையாண்டிய வேணாம்னது?"

"அதுக்குத்தான்."

சீனியம்மாள் அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தாள். பையன் இறங்கி, தரையில் இருந்த எடைத் தராசின் தட்டில் ஏறி நின்றுகொண்டு முள் ஆடுவதைப் பார்த்தான்.

"வயித்துல பிள்ளையோட இருந்தேக்கா. சிரிச்சுக்கிட்டு இருந்தே. எப்படிச் சொல்றது?" அன்னக்கொடி அழுதுவிட்டாள். ஐந்து வருஷத்தில் அவள் அதற்காக அழுவது அதுதான் முதல் தடவை.

சீனியம்மாள் அழவில்லை. அவள் குரலும் உயரவில்லை.

"இவனப் பெத்ததுக்கு எனக்கு வருத்தம் இல்ல. தெரிஞ்சிருந்தாலும் பெத்திருப்பேனோ என்னமோ. அத நானும் எம்புருசனும் பேசி முடிவு பண்ணியிருப்போம். நீ யாருடி எங்களுக்காக முடிவு பண்ண? அன்னைக்கே காது கேக்காத பிள்ளைக ரெண்ட வளத்துக்கிட்டு இருந்தவ நான். ஒரு வார்த்தையக் கேக்க எனக்குத் தெம்பு இருக்காதுன்னு நெனச்சியா?"